யாழ்ப்பாணத்து மோட்டார் வண்டிக்கு ஏற்ற பற்றரி

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் பற்றரியைப் போல மறக்கப்படுவது பிறிதொன்று இல்லை. இயந்திரம் உறுமினால் உரிமையாளர் செவிசாய்க்கின்றார். ரயர் தேய்ந்தால் கண்ணாற் காண்கின்றார். பற்றரியோ ஓசையின்றி உழைத்து ஓசையின்றி மாள்வது. அது மாண்ட செய்தி, நள்ளிரவிலே நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் புறப்படும் வேளையிலும் தெரியவரலாம். புங்குடுதீவிலோ வடமராட்சி கிழக்கிலோ அவ்வேளையிற் கடையைத் தேடி எங்கே செல்வது? ஆதலின் பற்றரியைத் தெரிந்தெடுத்தல் சிறு காரியம் போலத் தோன்றினும் சிந்தித்துச் செய்யவேண்டிய காரியமாகும்.

ஈயமும் அமிலமும் கொண்ட பற்றரியைப் பிரான்சு நாட்டு விஞ்ஞானி கஸ்ரன் பிளாந்தே 1859ஆம் ஆண்டிற் கண்டார். ஆயினும் நெடுங்காலம் மோட்டார் வண்டியை இயக்கியது மனிதனின் கைவலிமையே. முன்புறத்தில் இரும்புப் பிடியைச் செருகிச் சுழற்றினாலன்றி இயந்திரம் விழித்தெழாது; அப்பிடி திரும்பி உதைத்தால் கை எலும்பு முறிவதும் உண்டு. 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சாள்சு கெற்றறிங் அமைத்த மின்தொடக்கி கடிலக் கார்களிற் பொருத்தப்பட்டது. அன்று தொட்டு அவ்வுழைப்பு முழுவதும் பற்றரியின் தலையிற் சுமந்தது.

பற்றரியின் உள்ளமைப்பு எளிது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு வோல்ற்று அழுத்தந் தரும் ஆறு கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டுப் பன்னிரண்டு வோல்ற்று ஆகின்றன. ஒவ்வொரு கலத்திலும் ஈயச் சட்டங்களின் மீது பசைபோல் அப்பப்பட்ட தகடுகள், ஒன்று நேர் மற்றொன்று மறை என மாறிமாறி நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்து நிற்பது நீர் கலந்த கந்தகவமிலம். மின்னைக் கொடுக்கும்போது அமிலம் தகடுகளிற் சேர்கின்றது. மின்னேற்றும்போது தகடுகளை விட்டு நீரிற்கு மீள்கின்றது. இந்தப் போக்குவரவே பற்றரியின் வாழ்வு.

இவ்வாழ்வைக் குறுக்கும் முதற்பகை வெப்பம். மார்கழி மாதத்து மழைநாட் காலையில் வண்டி கிளம்ப மறுத்தால், குளிரே பற்றரியைக் கொன்றது எனப் பலர் கூறுவர். உண்மை வேறு. குளிர் ஏற்கெனவே நலிந்திருந்த பற்றரியின் நலிவை வெளிப்படுத்துகின்றதேயன்றி நலிவை உண்டாக்குவதில்லை. நலிவை உண்டாக்கியது சித்திரை தொடங்கி ஆவணி வரை நின்ற வெப்பமே. இரசாயன மாற்றங்கள் வெப்பநிலை பத்துப் பாகை செல்சியசு உயருந்தோறும் ஏறத்தாழ இருமடங்கு விரைவுறும் என்பது பொதுவிதி. குடாநாட்டின் நண்பகல் வெப்பம் 33 அல்லது 34 பாகையைத் தொடும் நாட்களில், வண்டியின் முன்மூடியின் கீழே இயந்திரத்தின் அருகே வெப்பம் அதனினும் மிகுதியாகும். அங்கே ஈயச் சட்டம் விரைந்து அரிபடுகின்றது. நீர் விரைந்து வற்றுகின்றது. வண்டி வாளா நிற்கும்போதும் மின் விரைந்து கசிகின்றது. ஆதலாற் குளிர்நாட்டில் நெடுநாள் உழைக்கும் பற்றரி இங்கே அத்துணைக் காலம் உழைக்கும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டே பற்றரியின் மேலொட்டியுள்ள சீட்டை வாசித்தல் வேண்டும். அதிற் பெரிய எழுத்திற் காணப்படுவது குளிர்நிலைத் தொடக்க மின்னோட்டம் என்னும் எண். பூச்சியத்தின் கீழ் 18 பாகையில், முப்பது விநாடி நேரம், அழுத்தம் 7.2 வோல்ற்றிற்குக் கீழே வீழாமற் பற்றரி தரவல்ல அம்பியர் எத்தனை என்பதே அதன் பொருள். கனடாவிலே அவ்வெண் உயிர்நாடி. இரவிலும் 20 பாகைக்குக் கீழ் இறங்குதல் அரிதாகிய யாழ்ப்பாணத்தில் அதற்கு அத்துணை மதிப்பு இல்லை. அன்றியும், ஒரே பெட்டிக்குள் அவ்வெண்ணை உயர்த்த வேண்டுமாயின் தகடுகளை மெல்லியனவாக்கி எண்ணிக்கையைக் கூட்டுதல் வேண்டும். மெல்லிய தகடு வெப்பத்தில் முந்தி அரிபடும். எண் பெரிதாயிற்றே என்று கூடுதற் பணங்கொடுத்து வாங்குபவர், பனியில்லாத ஊரிலே பனிக்கம்பளம் வாங்கியவர் ஆவர். வண்டி செய்தோர் குறித்த அளவை நிறைவு செய்தாற் போதும். அதன்பின் கவனிக்கத்தக்கது அம்பியர்-மணி என்னும் கொள்ளளவே.

அடுத்து நோக்கவேண்டியது அளவுக் குறியீடு. யப்பானிய வண்டிகளுக்குரிய பற்றரிகளில் 55பி24எல் என்பது போன்ற குறி இருக்கும். முதலெண் ஆற்றலையும், நடுவெழுத்து அகல உயர வகையையும், அடுத்த எண் நீளத்தைச் சென்ரிமீற்றரிலும், ஈற்றெழுத்து முனைகளின் பக்கத்தையும் உணர்த்தும். ஈற்றெழுத்து மாறினால் முனைகள் இடம்மாறும், கம்பி எட்டாது. எட்டுமாறு இழுத்துப் பூட்டுதல் விபத்துக்கு அழைப்பாகும்.

எல்லாவற்றினும் மேலாக நோக்கவேண்டியது செய்த திகதி. கடைத் தட்டில் இருக்கும் பற்றரியும் தன் மின்னைச் சிறிது சிறிதாக இழக்கின்றது. வெயில் படும் கடையில் அவ்விழப்பு இரட்டிக்கும். புகழ் பெற்ற பெயரோடு ஓராண்டு தூங்கிய பற்றரியினும், நடுத்தரப் பெயரோடு மூன்று திங்களுக்குள் வந்த பற்றரி மேலானது. திகதியை வாசிக்கத் தெரியாவிடின் விற்பவரைக் கேட்டல் வேண்டும். மறுமொழி கூறத் தயங்குபவரிடம் வாங்காது விடுதல் வேண்டும். உத்தரவாதச் சீட்டில் விற்ற திகதியை முத்திரையோடு எழுதுவித்தலும் மறக்கத்தக்கதன்று.

இரண்டாம் பகை, மேடுபள்ளமான பாதை. 2009ஆம் ஆண்டின் பின்னர்க் கண்டி வீதியும் பிற பெருவீதிகளும் செப்பனிடப்பட்டன. ஆயினும் வீட்டு வாசலுக்குச் செல்வது பெருவீதி அன்று. கல்லும் செம்மண்ணும் கலந்த ஒழுங்கையே. ஒவ்வொரு குலுக்கலிலும் தகடுகளில் அப்பிய பசை துகள்துகளாக உதிர்ந்து அடியிற் படிகின்றது. படிவு உயர்ந்து இரு தகடுகளைத் தொட்டால் அக்கலம் அக்கணமே பயனற்றுப் போகும். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, தகடுகள் அடியோடு ஒட்டி நிறுத்தப்பட்டு அதிர்வுதாங்கும் வகையெனக் குறிக்கப்பட்ட பற்றரியை வாங்குதல். மற்றொன்று, அதனை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தையும் திருகாணியையும் செவ்வனே பூட்டுதல். பழைய சட்டம் துருப்பிடித்து ஒழிந்தபின் கயிற்றாலும் இரப்பர்ப் பட்டியாலும் கட்டி ஓட்டுவோர் உளர். அவர்கள் சிறுதொகையை மிச்சம் பிடித்துப் பெருந்தொகையை இழப்பவர்கள்.

இன்று கடைகளில் மூவகைப் பற்றரிகள் உள்ளன. மூடி திறந்து நீர்விடும் பழைய வகை ஒன்று. கல்சியம் கலந்த ஈயத்தாற் செய்யப்பட்டு நீர் குறைவாக வற்றும் மூடிய வகை மற்றொன்று. அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை மூன்றாவது. மூன்றாவது குலுக்கலை நன்கு தாங்கும், ஆயினும் மிகுவெப்பத்தையும் மிகை மின்னேற்றத்தையும் தாங்குவதில் நொய்மையுடையது, விலையும் மிகுதி. சந்தியில் நிற்கும்போது இயந்திரத்தைத் தானே நிறுத்தும் புதிய கார்களுக்கு, அவற்றைச் செய்தோர் விதித்த வகையையே இடுதல் வேண்டும். ஏனைய வண்டிகளைப் பொறுத்தவரை, மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கும் பொறுமை உடையவருக்கு முதல்வகை சாலச் சிறந்தது. அப்பொறுமை இல்லாதவருக்கு இரண்டாம் வகை ஏற்றது.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 முதலிய பழைய பிரித்தானியக் கார்களைப் பேணுவோர்க்கு ஒரு சிறப்பெச்சரிக்கை உண்டு. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. இக்காலத்து வண்டிகளில் மறைமுனை இணைக்கப்படுகின்றது. சில பழைய வண்டிகள் பின்னர் மாற்றியமைக்கப்பட்டும் உள்ளன. ஆதலின் பழைய பற்றரியைக் கழற்றுமுன் எம்முனை உடலோடு சேர்ந்துள்ளது என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். எவ்வண்டியாயினும், உடலோடு சேர்ந்த கம்பியை முதலிற் கழற்றி இறுதியிற் பூட்டுவதே முறை.

நல்ல பற்றரியும் பேணாவிடிற் கெடும். குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரம் ஓடுவது. மக்கள் நம்பியிருப்பது சுண்ணாம்புக்கற் படுகையின் கிணற்று நீரையே. குடிக்க இனிதாயினும் அந்நீரிற் சுண்ணமும் உப்பும் கரைந்துள்ளன. அதனைப் பற்றரிக்குள் வார்த்தால் அவை தகடுகளைக் கெடுக்கும். வார்க்கத்தக்கது காய்ச்சி வடித்த நீர் ஒன்றே. வற்றியது நீரேயாதலின் அமிலம் சேர்த்தல் தகாது. பண்ணைப் பாலத்தையும் வல்லை வெளியையும் நாள்தோறும் கடக்கும் வண்டிகளின் முனைகளில் உப்புக்காற்றுப் படிந்து பச்சையும் வெண்மையுமாகப் பூக்கும். அதனை அப்பச்சோடா கரைத்த வெந்நீராற் கழுவித் துடைத்து, வசலீன் பூசிவிடுதல் நன்று. கழுவுநீர் கலத்தினுள்ளே புகலாகாது. மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு எழுமாதலால் அதனருகே தீக்குச்சியோ சுருட்டோ கூடாது.

வாளா கிடத்தலும் பற்றரிக்கு நோயாகும். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டுக் காலத்தில் வண்டிகள் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றன. மின் குறைந்த நிலையிற் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று கடினமான பளிங்காக உறைந்து, மீண்டும் மின்னேற்ற இடந்தராது. அதே ஆண்டின் மின்வெட்டுப் போலும் வேளைகளில் வண்டிப் பற்றரியைக் கழற்றி வீட்டுவிளக்கு எரிப்பதும் அதனை நலிவிக்கும். தொடக்கப் பற்றரி ஓரிரு விநாடி பெருமின் தருதற்கென ஆக்கப்பட்டது. மணிக்கணக்கிற் சிறுமின் தரும் பற்றரி வேறு. இதனை யாழ்ப்பாணத்து மக்களுக்குப் புதிதாகக் கூறவேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டிற்குப் பின் மின்சாரம் அற்று, பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிருந்த காலத்திற் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். சிறுமின்னின் அருமையை அவர்களினும் அறிந்தார் யார்?

பற்றரி ஒன்று விரைவிற் கெட்டால் உடனே மற்றொன்றை வாங்குதல் அறிவுடைமையன்று. இயந்திரம் ஓடும்போது முனைகளிடையே 13.8 முதல் 14.4 வோல்ற்று வரை இருத்தல் வேண்டும். குறைந்தாற் பற்றரி பட்டினி கிடக்கின்றது; மிகுந்தால் நீர் கொதித்து வற்றுகின்றது. இரண்டிலும் குற்றம் மின்பிறப்பாக்கியைச் சார்ந்தது, பற்றரியைச் சார்ந்ததன்று. ஓரிரவு ஓய்ந்து நின்ற பற்றரி 12.6 வோல்ற்றுக் காட்டினால் அது மின் நிரம்பியது. 12 வோல்ற்றுக் காட்டினால் மின் பெரிதும் இறங்கியது.

இறுதியாக, மாண்ட பற்றரியை என் செய்வது? அதனுள்ளே இருக்கும் ஈயம் மீட்டெடுக்கத்தக்கது; ஆதலின் புதியது வாங்கும் கடையிற் பழையதைக் கொடுத்து விலையிற் கழிவு பெறலாம். அவ்வாறன்றி வளவிலே எறிந்துவிடுதலும், அமிலத்தைக் கானில் ஊற்றுதலும், ஈயத்துக்காக வீட்டு முற்றத்தில் உடைத்து உருக்குதலும் பெருந்தீங்காகும். ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எவ்வளவு குறைவாயினும் தீங்கற்றது எனக் கூறத்தக்க அளவு அதற்கு இல்லை. சுண்ணாம்புக்கல் பிளவும் குகையும் நிறைந்தது. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே சென்று சேரும். ஒரு வளவில் ஊற்றியது அயல்வளவின் கிணற்றை அடைதலும் கூடும். புதிய பற்றரியைத் தெரிந்தெடுப்பவர் தம் வண்டியின் நலத்தைக் காக்கின்றார். பழையதை உரிய இடத்திற் சேர்ப்பவர் ஊரின் தண்ணீரைக் காக்கின்றார்.