அத்தை ஏன் தண்ணி குடிக்கல?

போன மாசம் அத்தையை விழுப்புரம் வண்டி ஏத்திவிட வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் போனேன். அத்தைக்கு ஊர் பாகூர். அந்தப் பக்கம் ரயிலே கிடையாது. பஸ் பிடித்து இங்கே வந்துதான் ஏற வேண்டும். வெயில் கொளுத்துது. தண்ணி பாட்டிலை நீட்டினேன். வாங்கவே இல்லை.

"காலையில இருந்தே குடிக்கலடா. குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே. நீ ஆம்பள, உனக்கென்ன!"

வீட்டுக்கு வந்த பிறகும் அது மனசை விட்டுப் போகல. கொஞ்சம் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விழுப்புரம் - புதுச்சேரி பாதை 1879-ல் வந்தது. சுமார் 38 கிலோமீட்டர்தான். அந்தக் காலத்தில் சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. வண்டி நிற்கும்போது இறங்கி, போய்விட்டு, ஓடி வந்து ஏற வேண்டும். 1909-ல் ஒக்கில் சந்திர சென் என்கிற வங்காளப் பயணி அகமத்பூர் ஸ்டேஷனில் அப்படி இறங்கியபோது வண்டி கிளம்பிவிட்டது. ரயில்வேக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். டெல்லி ரயில் மியூசியத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் பிரபலமான கடிதம் அது. படித்துவிட்டுச் சிரிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அதில் அவர் கேட்ட ஒரு கேள்வி: ஒரு பயணிக்காக கார்டு அஞ்சு நிமிஷம் நிற்கக் கூடாதா?

பெட்டிக்குள் கழிப்பறை வந்த பிறகு இன்னொரு சிக்கல். கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழும். அதனால்தான் "வண்டி நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள்" என்று எழுதி வைத்தார்கள். இப்போது பயோ டாய்லெட். பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி, அதில் இருக்கும் பாக்டீரியா கழிவைத் தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடும். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவும் ரயில்வேயும் சேர்ந்து உருவாக்கியது.

சரி, ரயிலுக்குள் பிரச்சினை தீர்ந்ததா? எல்லா ரயிலிலும் இல்லை. சென்னை கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயில் 60 கிலோமீட்டர் போகிறது, கழிப்பறை இல்லை.

ஸ்டேஷன் கதை வேறு. வருமானத்தையும் பயணிகள் எண்ணிக்கையையும் வைத்து ஸ்டேஷன்களைத் தரம் பிரிக்கிறார்கள். எத்தனை கழிப்பறை, எத்தனை குழாய் என்பதெல்லாம் அந்தத் தரத்தைப் பொறுத்தது. கணக்கில் இது நியாயமாகத் தெரியும். ஆனால் சின்ன ஸ்டேஷனில் நிற்கிறவருக்கு மட்டும் சிறுநீர்ப்பை சின்னதாக இருக்குமா? வண்டி குறைவு என்பதால் காத்திருக்கும் நேரம் அங்கேதான் அதிகம். ஒரு சின்ன ஸ்டேஷனில் கழிப்பறை இருந்தும் பூட்டு தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். கட்டடம் கணக்கில் வரும், சாவி வராது.

தண்ணி குடிக்காமல் அடக்கி வைப்பது பழகிப்போனால் சிறுநீர்த் தொற்றும் கல்லும் வர வாய்ப்பு அதிகம். கழிப்பறை இல்லாத குறையைப் பெண்களின் உடம்புதான் சுமக்கிறது.

பூட்டியிருந்தால் கூச்சப்படாமல் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சாவி கேளுங்கள். இல்லையா, 139-க்குப் போன் போடுங்கள். 'ரயில் மதத்' செயலியிலும் புகார் பதியலாம். யாரும் கேட்காத வரை குறை என்று ஒன்று இருப்பதாகவே கணக்கில் வராது.

அன்றைக்கு வண்டியில் கழிப்பறை இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"இப்ப குடுடா அந்த பாட்டில."