கை நடுங்குவோரைக் கைவிடோம்

நெசவாளர் இல்லத்திற் பிறந்தவர்க்கு அறுந்த இழை புதியதன்று. ஒரு நாளில் எத்தனையோ முறை இழை அறும். அத்தனை முறையும் தறியை நிறுத்தி, முனையைத் தேடி, முடிந்துவிட்டு மீண்டும் மிதிக்கிறோம். அறுந்ததற்காக எவரும் பாவைக் கடிந்துகொள்வதில்லை. ஆனால், நம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கை நடுங்கி, நடை தளர்ந்து, சொல் தேயும்போது மட்டும் அந்தப் பொறுமை நம்மிடம் காணப்படுவதில்லை. அக்குறையைச் செய்து வருந்தியவர்களுள் நாமும் ஒருவராதலின், உறுப்பினர்கட்குப் பயன்படுமென்று கருதிச் சில செய்திகளை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

எம் தமையனார் 40 ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்தவர். அவரிடம் முதலில் மாறியது கையெழுத்து. சங்கத்தின் கூலிப் பதிவேட்டில் அவர் இடும் ஒப்பம் மாதத்திற்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்தது. பின்னர், கை சும்மா இருக்கும் வேளையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல் அசையத் தொடங்கின. நெசவு மெதுவாயிற்று. முகத்திற் சிரிப்பு அருகியது. நாம் செய்தது யாது? "முதுமை" என்றோம், "சோம்பல்" என்றுகூட எண்ணினோம், "அண்ணா, கொஞ்சம் விரைவாக ஆகட்டும்" என்று பலமுறை சொன்னோம். ஒரு நாள் அவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். காத்திருக்கப் பொறாமல், அதை அவர் விரல்களிலிருந்து வாங்கி நாமே முடிந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தறிக்கு வரவுமில்லை.

நோயின் தன்மை

அரசு மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டிய பின்னரே அது பார்க்கின்சன் நோய் என்று அறிந்தோம். நம் நாட்டு மருத்துவ நூல்கள் கம்பவாதம், நடுக்குவாதம் என்று இதனையொத்த நோயைக் குறிப்பிடுகின்றன. இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் இதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. 2019ஆம் ஆண்டில் உலகில் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

மூளையின் நடுப்பகுதியிற் கருநிறமான சிறு பகுதி ஒன்றுண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நாம் எண்ணியவாறு கை கால்கள் தடையின்றி இயங்குவதற்கு அப்பொருள் இன்றியமையாதது. அவ்வுயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோய். நடுக்கம் வெளிப்படுவதற்குள் அவற்றிற் பெரும் பகுதி அழிந்துபோகின்றது. மணம் அறியும் ஆற்றல் குறைதல், மலச்சிக்கல், உறக்கத்திற் கை கால்களை உதறிக் கூவுதல் ஆகியவை பல ஆண்டுகட்கு முன்னரே தோன்றக்கூடும். நடுக்கமே இல்லாமல் விறைப்பும் மந்தமும் மட்டும் காணப்படுவோரும் உளர்.

இது தொற்றுநோயன்று, எவர் செய்த பாவத்தின் பயனுமன்று. முகம் சிரிக்கவில்லையென்றால் மனம் சிரிக்கவில்லை என்று பொருளில்லை; முகத்தசைகளும் விறைத்துப் போகின்றன. எம் தமையனாரின் முகத்தைக் கண்டு அவர் எம்மை வெறுக்கிறார் என்று நாம் எண்ணியதுண்டு. அஃது எம் அறியாமை.

பயிர்த்தொழில் செய்யும் உறுப்பினர்கட்கு ஒரு சொல். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி போன்ற சில மருந்துகளோடு நெடுநாள் பழகியவர்களிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதாக ஆய்வுகள் பல கூறுகின்றன. பாராகுவாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் விலக்கிற்று. மருந்து தெளிப்போர் கையுறையும் முகக்கவசமும் அணிதல், காற்றுக்கு எதிர்முகமாகத் தெளியாதிருத்தல், வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுதல் ஆகியவற்றை வழக்கமாகக் கொள்ளல் வேண்டும்.

மருந்தும் மணியும்

இந்நோயை முற்றும் நீக்கும் மருந்து இல்லை. எனினும் துன்பத்தைப் பெரிதும் தணிக்கும் மருந்து உண்டு. மூளைக்குச் சென்று டோபமைனாக மாறும் லெவோடோபாவே அது. 1960களிற் பயன்பாட்டிற்கு வந்தது. நம் வேலிகளிற் படரும் பூனைக்காலியின் விதையிலும் இப்பொருள் இருக்கிறது என்பதைத் தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர் இருவர் 1937இல் சென்னையிலிருந்து வெளியிட்டனர். அதுகொண்டு எவரும் விதையைத் தாமே இடித்து உண்ணத் தொடங்கலாகாது. எவ்வளவு உட்செல்கிறது என்பது தெரியாது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சிவிடும்.

மாத்திரையை மருத்துவர் சொன்ன மணிக்குக் கொடுப்பதே இல்லத்தார் செய்யும் முதற்பணி. உணவுக்கு அரைமணி அல்லது ஒருமணி நேரம் முன்னர்க் கொடுப்பது பெரும்பாலோர்க்கு நன்று. பருப்பு, முட்டை, பால் முதலிய புரத உணவோடு சேர்ந்தால் மருந்து உடலிற் சேர்வது தடைப்படும். "இன்று நன்றாயிருக்கிறார், மாத்திரை வேண்டா" என்று திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். குமட்டலுக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளுட் சில, குறிப்பாக மெட்டோகுளோபிரமைடு, டோபமைனின் வேலையைத் தடுத்து நோயை மிகுவிக்கும். வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும் இந்நோய் இருப்பதை முதலிற் சொல்லல் வேண்டும்.

சில ஆண்டுகள் சென்றபின், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னரே மருந்தின் ஆற்றல் குன்றிவிடும். காலையில் நடந்தவர் நண்பகலில் எழ இயலாது வருந்துவார். இதனைப் பாசாங்கு என்று எண்ணுதல் பெரும் பிழை. எந்த மணிக்கு நன்றாயிருந்தார், எந்த மணிக்குத் தளர்ந்தார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், மருத்துவர் அளவைத் திருத்துவதற்கு அது துணைபுரியும்.

இல்லத்திற் செய்யத்தக்கவை

நடந்துவரும்போது வாயிற்படியருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதுண்டு. அப்போது கையைப் பிடித்து இழுத்தல் கூடாது, இழுத்தால் விழுந்துவிடுவார். தரையிற் சுண்ணக்கட்டியாற் குறுக்குக் கோடுகள் இட்டு, அவற்றைத் தாண்டுமாறு சொன்னால் கால் எழும். "ஒன்று, இரண்டு" என்று தாளத்தோடு எண்ணினாலும் நடை தொடரும். மிதியின் தாளத்தில் வாழ்ந்த எம் தமையனாருக்கு இம்முறை நன்கு உதவிற்று.

பாயிலிருந்து எழுவதைவிட உயரமான கட்டிலிலிருந்து எழுவது எளிது. குளியலறையிற் பற்றிக்கொள்ளச் சுவரிற் கம்பி பொருத்துக. இரவில் சிறு விளக்கு எரியட்டும். நாள்தோறும் நடையும் உடற்பயிற்சியும் வேண்டும். விழுங்கும்போது புரையேறினால் மருத்துவரிடம் சொல்லத் தவறலாகாது. மனச்சோர்வும் இந்நோயின் கூறே. அதற்கும் மருத்துவம் உண்டு.

எல்லாவற்றினும் மேலானது காத்திருத்தல். அவர் சட்டைப் பொத்தானை இடுவதற்குப் பத்து நிமிடம் ஆகுமெனில், பத்து நிமிடம் முன்னதாகத் தொடங்குவோம். சொல்லை முடிக்குமுன் நாம் முடித்து வைத்தல் வேண்டா. விரைவு நமக்கு வேண்டுமென்பதற்காக அவர் கைவேலையைப் பறித்தல் உதவியாகாது.

உதவுவோர்க்கும் உதவி வேண்டும்

எம் அண்ணியார் மூன்று ஆண்டுகள் தனியே இச்சுமையைத் தாங்கினார். நாளைக்கு நான்கு வேளை மருந்து, குளிப்பாட்டல், இரவில் மூன்று நான்கு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்தல், இவற்றோடு இல்லத்துக்கு வேண்டிய தார் சுற்றும் வேலையும் அவருடையதே. ஒரு நாள் அவரே காய்ச்சலில் வீழ்ந்தார். அன்றுதான் எமக்குக் கண் திறந்தது. "கோயிலுக்குப் போய் எட்டு மாதமாயிற்று, தம்பி" என்றார். குறையாக அன்று, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நாம் தலை குனிந்தோம்.

தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது ஒருவர் மட்டும் நின்று செய்ய முடியுமா? பல கைகள் சேர்ந்து பிடித்தால்தான் பாவு மண்ணிற் படாது நிற்கும். நோயுற்றவரைத் தாங்குவதும் அத்தகையதே. அதன்பின் தெருவினர் கூடி ஒரு முறை வகுத்தோம். வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் வந்து அமர்வார். அண்ணியார் கோயிலுக்குச் செல்வார். நாள்தோறும் மாலையில் இளைஞர் ஒருவர் தமையனாரை நடத்தி அழைத்துச் செல்வார். வாரத்தில் இரண்டு இரவு நாம் அவருடன் படுத்துறங்குவோம். எவர்க்கும் இது பெருஞ்சுமையாகவில்லை.

உறுப்பினர்கள் அறிய வேண்டுவது இன்னுமொன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளுள் பார்க்கின்சன் நோயும் ஒன்றாகும். மருத்துவர் சான்று பெற்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உரிய உதவிகளைக் கேட்டறியலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் இயன்முறைப் பயிற்சியை இல்லத்திற்கே கொண்டுவரும் நோக்கமுடையது. படிவம் நிரப்ப அறியாதார்க்குச் சங்கச் செயலாளர்கள் உதவுதல் நன்று. ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர் இல்லங்களில் இத்தகையோர் எத்துணைப் பேர் உளர் என்று கேட்டறிந்து, துணைக்குச் செல்வோரின் முறைப்பட்டியல் ஒன்றை வகுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

எம் தமையனார் இப்போது மீண்டும் தறிக்கூடத்திற்கு வருகிறார். நெய்ய இயலவில்லை, ஆயின் நெய்த துணியிற் குறை காண அவர் கண்ணுக்கு இன்றும் இணையில்லை. இளைஞர்கள் துணியை அவரிடம் காட்டிய பிறகே சங்கத்திற்குக் கொண்டு செல்கின்றனர். சென்ற வாரம் எம் தறியில் ஓர் இழை அறுந்தது. அவர் கை நீட்டினார். இழையை அவரிடம் கொடுத்துவிட்டு அமர்ந்திருந்தோம். நெடுநேரம் ஆயிற்று. இருமுறை நழுவிற்று, மூன்றாம் முறை முடிச்சு விழுந்தது. அதன் பிறகே தறியை மிதித்தோம்.