விரைவறுவலின் வெப்ப நெறி

அடுதல் என்பது வெப்பத்தால் பொருளின் உள்ளமைப்பை மாற்றி, அதனை உண்ணத்தக்கதாகவும் சுவைக்கத்தக்கதாகவும் ஆக்கும் வினை. நீரிலிட்டு ஆக்குவது வேகவைத்தல். ஆவியில் ஆக்குவது அவித்தல். எண்ணெயில் மூழ்கச் செய்து ஆக்குவது பொரித்தல். சிறிதளவு எண்ணெயில், பெருஞ்சூட்டில், இடைவிடாது புரட்டிச் சில மணித்துளிகளில் முடிப்பதை விரைவறுவல் என்போம். தாய்லாந்து மொழியில் 'பத்' என்னும் சொல் இவ்வினையையே குறிக்கும். அரிசியிழையும் இறாலும் புளியும் சேர்ந்த 'பத் தாய்' அந்நாட்டு விரைவறுவல்களுள் உலகறிந்தது. 1938 முதல் 1944 வரை அங்குத் தலைமை அமைச்சராயிருந்த பிபுன் சொங்கிராம் அதனை நாட்டுணவாக ஊக்கினார். சியாம் என்னும் பெயர் தாய்லாந்து என மாறியதும் அவர் ஆட்சியில், 1939-இல்தான்.

அரிசியிழை நமக்குப் புதிதன்று. மாவைப் பிழிந்து இழையாக்கி அவித்தால் இடியாப்பம். முதலில் அவித்துப் பின்னர்ப் பிழிந்தால் கொங்கு நாட்டுச் சந்தகை. மாவுருண்டையை வேகவைத்து அழுத்தினால் கன்னட வீடுகளின் ஒத்து சாவிகெ. இம்மூன்றும் அழுத்திழை வகையின. தாய்லாந்து இழையோ அரைத்த அரிசிமாவை மெல்லிய தாளாக ஊற்றி அவித்து, கீற்றுகளாக அரிந்து உலர்த்துவதால் அரியிழை எனத் தகும். செய்முறையே பெயராக நிற்கும்போது, பெயரைக் கேட்டவுடன் பொருள் விளங்கிவிடுகிறது.

அரிசியின் மாவுப்பொருளில் இருவகை நெடுங்கூறுகள் உள்ளன. கிளையின்றி நீள்வதை நேர்மாவியம் என்றும், கிளைத்துப் படர்வதைக் கிளைமாவியம் என்றும் சொல்லலாம். நீரோடு சேர்ந்து 65 முதல் 80 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் அரிசி மாவுமணிகள் உப்பி நெகிழ்ந்து பசையாவது பசைப்பு. ஆறியபின் நேர்மாவியக் கூறுகள் மீண்டும் அணியணியாய் நெருங்கி இறுகுவது மீள்விறைப்பு. நேற்றைய இடியாப்பம் இன்று விறைத்திருப்பது இந்நெறியாலேயே. நேர்மாவியம் மிகுந்த அரிசியால் செய்த அரியிழை குழையாமல் வடிவம் காப்பதும் அதனாலேயே. ஒரு வீட்டில் குறையாய்த் தோன்றும் இயல்பே இன்னொரு வீட்டில் உணவின் உயிராகிறது.

இவ்விழை முன்பே ஒருமுறை வெந்தது என்பதால், அதனைக் கொதிநீரில் போடுவது தேவையற்றது மட்டுமன்று, தவறும்கூட. தண்ணீரில் முப்பது முதல் நாற்பது மணித்துளி ஊறவிட்டு, வளைந்தும் உடையாத பதத்தில் வடித்துவிட வேண்டும். எஞ்சிய நெகிழ்வைச் சட்டியின் சூடு தரும். கொதிநீர் என்றதும் ஒன்று: நாம் வாழும் பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைந்து, நீர் இங்கு 97 பாகையிலேயே கொதிக்கிறது. சென்னையிலிருந்து குடிவந்த தாய்மார்கள், இங்குத் திறந்த ஏனத்தில் துவரம்பருப்பு வேகத் தாமதமாகிறது என்று சொல்வதற்கு அடிப்படை இதுவே. பசைப்பின் வெப்பநிலை 97-க்குக் கீழே அடங்குவதால் அரிசியிழைக்கு இந்த உயரத்தால் குறையொன்றும் நேர்வதில்லை.

இறால் வேறு நெறியில் இயங்குவது. அதன் ஊனிலுள்ள புரதங்கள் 50 பாகையளவில் சுருளத் தொடங்கி, 60-ஐக் கடந்த சில பாகைகளில் உண்ணும் பதம் எய்துகின்றன. அதற்கு மேல் நீர் பிழியப்பட்டு ஊன் தோல்போல் ஆகிறது. பச்சை இறாலின் சாம்பல் நிறத்துக்குள் ஒரு செம்மை மறைந்திருக்கிறது. அசுட்டாசாந்தின் என்று மேலையர் அழைக்கும் செந்நிறமியை ஒரு புரதம் இறுகப் பற்றி, அதன் நிறத்தை நீலச்சாம்பலாக மாற்றி வைத்திருக்கிறது. வெப்பத்தில் அப்புரதம் குலைந்து பிடி தளர்ந்ததும் நிறமி தன் இயல்நிறம் காட்டுகிறது. ஆகவே இறால் சிவப்பது புது நிறம் பெறுவதன்று, உள்ள நிறம் விடுதலை பெறுவது. இறால் பிறைபோல் வளைந்ததும் எடுத்துவிட வேண்டும். முழு வட்டமாய்ச் சுருண்டால் பதம் கடந்தது என்று அறியலாம். இரு கடற்கரைக்கும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இந்நகரில், சிவாசிநகர் ரசல் சந்தையில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், பனிக்கட்டியில் கிடத்திய இறாலையே தேர்க. தலைப்பகுதியின் நொதிகள் ஊனை விரைவில் நெகிழச் செய்வதால், வீடு சேர்ந்ததும் தலையை நீக்குதல் நன்று.

மூன்றாம் வெப்பப்படி 140 பாகைக்கு மேற்பட்டது. 1912-இல் பிரெஞ்சு அறிஞர் மாயார் விளக்கிய பழுப்பேறல் வினை, புரதக்கூறும் இனிப்புக்கூறும் உலர்சூட்டில் கூடும்போது விரைந்து நிகழ்ந்து வறுமணம் தருகிறது. சட்டியில் நீர் தேங்கியிருக்கும்வரை அதன் அடியில் கிடப்பவை 97 பாகையைத் தாண்டுவதில்லை. ஒரு கிராம் நீரை அறைச்சூட்டிலிருந்து கொதிக்கவைக்கும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல் அதனை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. இறாலைத் துணியால் ஒற்றி உலர்த்துக, இருவர்க்கு மேற்பட்ட அளவை ஒருசேர இடாதீர் என்னும் அறிவுரைகளுக்குப் பின்னால் நிற்பது இந்தக் கணக்கே.

இருவர்க்கு 150 கிராம் இழையும் 200 கிராம் இறாலும் போதும். நெல்லிக்காயளவு புளியின் கரைசலில் பனைவெல்லமும் மீன்நொதிநீரும் கலந்து வைக்க. இந்நொதிநீர் நெத்திலியினச் சிறுமீனை உப்பிட்டு ஓராண்டளவு நொதிக்கவிட்டு வடிப்பது. தாய்லாந்து மொழியில் 'நாம் பிளா', அதாவது மீன்நீர். புரதம் சிதைந்து பிறக்கும் இதன் சுவையை 1908-இல் யப்பானிய அறிஞர் இக்கேதா கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்தார். நம் அறுசுவைக் கணக்கிற்குள் அடங்காத இதனை நிறைசுவை என்று அழைக்க விரும்புகிறேன்.

இரும்புச்சட்டி புகையத் தொடங்கியதும் கடலையெண்ணெய், பூண்டு, இறால். பிறையானதும் எடுத்து வைக்க. பின்னர் இழையும் ஒரு கை நீரும். கரைசலை இழை நெகிழ்ந்தபின்னரே ஊற்றுக. வெல்லம் நீரைத் தன்பால் ஈர்ப்பதால், முந்தி ஊற்றினால் இழைக்கு நீர் குறையும். ஓரம் ஒதுக்கி முட்டையை உடைத்துக் கிளறி, இறாலை மீளச் சேர்த்து, முளைகட்டிய பயறும் வெங்காயத்தாளும் தூவி இறக்குக. இடித்த நிலக்கடலையும் எலுமிச்சைத் துண்டும் தட்டில் சேரட்டும். அடுப்பின்மேல் ஆகும் நேரம் ஏழெட்டு மணித்துளிகளே.

இந்நகர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலர் அறிவியலைப் பள்ளியில் வேறு மொழியிலேயே கற்கின்றனர். அவர்களை ஒருநாள் அடுப்பருகே நிறுத்துங்கள். சாம்பல் நிற இறால் சிவக்கும் அந்த நொடியில், செந்நிறமி என்றும் புரதம் என்றும் பழுப்பேறல் என்றும் தமிழில் சொல்லிக் காட்டுங்கள்.