வலியில்லாத ஸ்கேனுக்கு எந்தத் தூக்க மருந்து?

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் குழந்தைக்கு வலி எதுவும் இல்லை. ஆனால் தடதடவென்று இரையும் குழாய்க்குள் அரை மணி நேரம்போல அசையாமல் கிடக்க வேண்டும்; இரண்டு வயதுப் பிள்ளையிடம் அது நடக்காது. தூக்க மருந்து அதற்குத்தான். வலி இல்லாததால் மார்ஃபின், கெட்டமின் வகைகளுக்கு இங்கே அநேகமாக வேலையில்லை. சில விநாடிகளில் முடியும் சி.டி. ஸ்கேனுக்குப் பல நேரம் மருந்தே தேவைப்படாது. பச்சிளங்குழந்தைக்கோ வயிறு நிறையப் பால் கொடுத்துத் துணியில் சுற்றினாலே போதும், தானாகத் தூங்கிவிடும்.

அதைத் தாண்டிய வயதுக்கு நெடுங்காலமாகக் கைகொடுப்பது குளோரல் ஹைட்ரேட். 1832இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் உருவாக்கியது, 1869இல் தூக்க மருந்தானது. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. தாதி ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாலும் பிள்ளை பாதியைத் துப்பிவிடும். உள்ளே எவ்வளவு போனது என்று தெரியாமல் மறுபடி கொடுத்தால் அளவு மீறும். அரை மணியில் தூக்கம் வந்துவிடும். ஆனால் மருந்து உடலுக்குள் டிரைகுளோரோஎத்தனாலாக மாறிப் பல மணி நேரம் தங்கும்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பங்களுக்கு இந்த மிச்சத் தூக்கம்தான் பெரிய விஷயம். பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு வந்தவர்கள், வீடு திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். காரில் உட்கார வைத்த குழந்தை தூங்கி, தலை நெஞ்சில் சாய்ந்தால் மூச்சுவழி அடைபடலாம். மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோவதை நினைக்கவே கூடாது.

இன்னொரு மருந்தான மிடாசோலமின் மயக்கம் சீக்கிரம் தெளியும். அதை முறிக்க ஃபுளுமாசெனில் என்ற முறிமருந்தும் உண்டு. ஆனால் மிடாசோலம் பயத்தைத் தணிக்குமே தவிர, அசையாத தூக்கத்துக்கு உறுதியில்லை. சில பிள்ளைகள் நேர்மாறாக முரண்டுபிடித்துக் கத்தும். மூக்கில் விடும் டெக்ஸ்மெடிட்டோமிடின் இயல்பான தூக்கத்தைப் போலவே தூங்கவைக்கும், மூச்சையும் அதிகம் அடக்காது. நாடியைக் குறைப்பதால் சில இதய நோய்களுக்கு ஒத்துவராது. நரம்பில் ஏற்றும் புரோப்போஃபோல் நிமிடங்களில் தெளியும் என்றாலும், மயக்க மருந்து நிபுணர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

எந்த மருந்தைத் தேர்ந்தாலும் வயிறு காலியாக இருக்க வேண்டும்: சோறு, டின்பால் நிறுத்தி 6 மணி, தாய்ப்பால் 4, தண்ணீர் 2. விடியற்காலையில் பிள்ளை அழுகிறதே என்று பாட்டி புகட்டும் ஒரு வாய் மைலோவால் அன்றைய ஸ்கேனே தள்ளிப்போகலாம். தூங்கவைக்க வீட்டிலிருக்கும் சளி மருந்தைக் கொடுப்பது அதைவிட மோசம். சிலவற்றில் இருக்கும் புரோமெத்தசின் 2 வயதுக்கு உட்பட்டவர்களின் மூச்சையே நிறுத்திவிடக்கூடும். இரவில் குறட்டை விடும் பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீங்கிய டான்சில் மூச்சுவழியை ஏற்கெனவே நெருக்கியிருக்கும். ஸ்கேன் முடிந்த பிறகும் விரலில் ஆக்சிஜன் மானி இருக்கும். பிள்ளை கண் விழித்து, தண்ணீர் குடித்து, பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள்.