உங்களுக்குத் தெரியுமா? நடிகரை முந்திய மழலைகள்

அமெரிக்காவின் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியான 'செசமி ஸ்ட்ரீட்' 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. விளம்பரப் பாட்டுகளைச் சின்னஞ்சிறுசுகள் பிசகாமல் பாடுவதைக் கவனித்த, நிகழ்ச்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோன் கான்ஸ் கூனியும் குழுவினரும் அதே உத்தியை எழுத்துகளுக்குத் திருப்பினார்கள். ஒவ்வொரு நாளும் சில எழுத்துகளும் எண்களும்தான் நிகழ்ச்சியின் 'விளம்பரதாரர்கள்'! முதல் நாள் அந்த இடம் டபிள்யூ, எஸ், இ ஆகிய எழுத்துகளுக்கும் 2, 3 ஆகிய எண்களுக்கும்.

நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் ஆங்கில அகரவரிசை சொல்லும் காட்சிதான் நிகழ்ச்சியில் அற்புதம். மழித்த தலை, இமைக்காத பார்வை, இடிபோன்ற குரல். (பின்னாளில் 'ஸ்டார் வார்ஸ்' டார்த் வேடருக்குக் குரல் தந்தவரும் இவரே.) தலைக்குப் பக்கத்தில் எழுத்து தோன்றும். அவர் உடனே வாய் திறக்க மாட்டார். சற்று இடைவெளி விட்டுத்தான் பெயரைச் சொல்வார்.

முதல் முறை பார்க்கும் பிள்ளை அவருக்குப் பின்னால் திருப்பிச் சொல்லும். இன்னும் சில முறை பார்த்தால் அவரோடு சேர்ந்து சொல்லும். பிறகு, அவர் உதடு அசைவதற்கு முன்பே அந்த இடைவெளிக்குள் புகுந்து சொல்லிவிடும்! ஆய்வாளர்கள் இதற்கு அவர் பெயரையே வைத்து 'ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் விளைவு' என்றார்கள். பளபளக்கும் வண்ணங்களைவிட அந்தச் சிறு மௌனமே பிள்ளைக்குப் பாடம் நடத்தியது என்பேன்.

இன்னொரு சேதி. நிகழ்ச்சியைச் சோதித்துப் பார்க்க, தொலைக்காட்சிக்கு அருகிலேயே சில நொடிகளுக்கு ஒருமுறை படம் மாறும் திரையையும் வைத்தார்கள். குழந்தையின் கண் எந்தக் கட்டத்தில் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்து, அந்தப் பகுதியைச் சீர்படுத்தினார்கள்.