கருமணலும் அன்னபேதியும்: ஒரு கரைதிறன் கணக்கு

கேரளத்தில் நீண்டகரைக்கும் காயங்குளத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் கருமணல் பரந்து கிடக்கின்றது. அதிலுள்ள முக்கிய கனிமம் இல்மனைட். 1946-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் தோன்றிய திருவாங்கூர் டைட்டானியம் நிறுவனம், இல்மனைட்டைக் கந்தக அமிலத்தால் சிதைத்து வெண்ணிறமான டைட்டானியம் டை ஆக்சைடைப் பெறும் முறையைக் கொச்சுவேளியில் மேற்கொண்டது. வண்ணப்பூச்சுக்கும் காகிதத்துக்கும் வெண்மையூட்டும் பொருள் இது. தனிமம், கரைதிறன், நிலைமாற்றம் ஆகிய மூன்று பாடங்களையும் இம்முறையைக் கொண்டே மாணவர்க்கு விளக்கலாம்.

தனிமங்களின் பங்கு

தூய இல்மனைட்டின் ஒரு மூலக்கூற்று அளவில் இரும்பு 56, டைட்டானியம் 48, ஆக்சிஜன் 48 பங்கு உள்ளன, மொத்தம் 152. இதிலிருந்து கிடைக்கக்கூடிய டைட்டானியம் டை ஆக்சைடு 80 பங்கு, அதாவது நூற்றுக்கு 52.6. ஆயினும், சவரை மணலின் இல்மனைட்டில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 60 உள்ளது. நெடுங்காலமாக வெயிலிலும் நீரிலும் சிதைவுற்று, இரும்பின் ஒரு பகுதி நீங்கியதே இதற்குக் காரணம்.

கரைதலும் படிதலும்

அமிலத்தில் இரும்பும் டைட்டானியமும் சல்பேட்டுகளாகக் கரைகின்றன. மூவிணைதிற இரும்பு எஞ்சினால் இறுதிப் பொருளில் மஞ்சள் நிறம் ஏறும். ஆதலின் பழைய இரும்புத் துண்டுகளை இட்டு அதனை ஈரிணைதிற இரும்பாக மாற்றுவர். பின்னர்க் கரைசலைக் குளிர்வித்தால் அன்னபேதி பச்சைப் படிகங்களாகப் பிரியும்.

கணக்கு: 100 கிராம் நீரில் நீரற்ற அன்னபேதியின் கரைதிறன் 40 பாகை செல்சியஸில் 40 கிராம், 10 பாகையில் 20.5 கிராம். 100 கிராம் நீரும் 40 கிராம் உப்பும் கொண்ட கரைசலை 40 பாகையிலிருந்து 10 பாகைக்குக் குளிர்வித்தால் எவ்வளவு படிகம் கிடைக்கும்?

40-இலிருந்து 20.5-ஐக் கழித்து, 19.5 கிராம் என மாணவர் பலர் விடையளிப்பர். இது தவறு. படிகம் ஒவ்வொன்றும் ஏழு மூலக்கூறு நீரைத் தன்னுடன் கொண்டு செல்கின்றது. 152 பங்கு உப்புக்கு 126 பங்கு படிகநீர் சேர்ந்து 278 பங்கு படிகம் ஆகும். எனவே உப்பு படியப் படியக் கரைக்கும் நீரும் குறைகின்றது.

படியும் நீரற்ற உப்பு ப கிராம் எனில், அது கவரும் நீர் 0.829 ப. ஆகவே,

40 − ப = 0.205 × (100 − 0.829 ப)

இதனின்று ப = 23.5 கிராம். படிகத்தின் எடை 23.5 × 278 ÷ 152, அதாவது 43 கிராம். சரிபார்க்க: எஞ்சிய நீர் 80.5 கிராம், எஞ்சிய உப்பு 16.5 கிராம், இவற்றின் விகிதம் 0.205.

ஆலையின் அமிலக் கரைசலில் கரைதிறன் எண்கள் வேறுபடும்; கணக்கிடும் முறை மாறாது.

நிலைமாற்றம்

காற்றழுத்தத்தைக் குறைத்தால் நீர் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைக் கரைசலிலிருந்தே எடுத்துக்கொள்வதால் கரைசல் குளிர்கின்றது. வெற்றிடக் குளிர்விப்பின் தத்துவம் இதுவே.

வகுப்பறையில் சிறிதளவு அன்னபேதியைச் சோதனைக்குழாயில் மெல்லச் சூடாக்கிக் காட்டலாம். குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளிகள் படியும். பச்சை நிறம் மங்கி வெண்தூள் எஞ்சும். மிகையாகச் சூடாக்கினால் கந்தக ஆக்சைடுகள் வெளிப்படுமாதலால் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

கணக்கின் பயன்

தூய இல்மனைட் 152 கிலோவிலிருந்து வெண்பொருள் 80 கிலோ கிடைக்கும்போது, அன்னபேதி 278 கிலோ வரை உண்டாகும். துணைப்பொருள் முதற்பொருளைப் போல் மூன்று மடங்கிற்கும் மேல்! அது நீர்நிலையிற் கலந்தால், நீரிலுள்ள ஆக்சிஜனைக் கவர்ந்து துருநிறப் படிவாக மாறும். நீரின் அமிலத்தன்மையும் மிகும். முறையாகப் பிரித்தெடுத்தாலோ, கழிவுநீரைத் தெளிவிக்கவும், இரும்புச்சத்துக் குறைவால் இலை வெளுத்த கரும்புக்கும் நிலக்கடலைக்கும் தெளிக்கவும் பயன்படும். படிகநீரைக் கணக்கில் விட்டுவிடுபவர், சேமிக்கவும் அகற்றவும் வேண்டிய பொருளின் அளவை மிகவும் குறைவாகவே மதிப்பிடுவர் என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று.