இரும்பு கூடினால் எலும்பு ஏன் உளுத்துப்போகிறது?

இரும்புச்சத்து என்றாலே அது குறைவதுதான் எம்மவர்களுக்கு ஞாபகம் வரும். முருங்கையிலையும், கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் குளிசையும் அதற்காகத்தான். ஆனால் அளவுக்கு மிஞ்சிய இரும்பு ஈரலையும் இதயத்தையும் பழுதாக்கும். எலும்பையும் மெலியவைக்கும். இலங்கையில் இதைத் தெளிவாகக் காட்டுவது தலசீமியா. நாட்டில் இந்நோயாளர் அதிகம் உள்ள மாவட்டம் குருநாகல்.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம். நாளொன்றுக்கு வெளியேறுவது 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. மேலதிகமானதை வெளியே தள்ள உடம்பிடம் வழியில்லை. குடலில் உறிஞ்சுவதைக் குறைக்கத்தான் அதற்குத் தெரியும். இரத்தம் ஏற்றும்போது அந்தக் காவலும் பயன்படாது. ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உண்டு. கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்குச் சில கிழமைகளுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்றவேண்டும். கணக்கை நீங்களே பாருங்கள்.

எலும்பு கட்டிமுடித்த சுவர் அல்ல. பழையதை அரிக்கும் கலங்களும் புதியதைக் கட்டும் கலங்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. மிகுந்த இரும்பு கட்டும் கலங்களை முடக்கி, அரிக்கும் கலங்களைத் தூண்டிவிடும். இன்னொரு பெரிய சேதம் சுற்றுவழியில் வருகிறது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியில் இரும்பு படிந்தால் பாலியல் ஓமோன்கள் குறையும், பருவமடைவது தள்ளிப்போகும். அந்த ஓமோன்கள்தான் எலும்புக்குக் காவல். அதனால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் எலும்புப்புரை, இவர்களுக்கு இருபதுகளிலேயே வந்துவிடுகிறது. பழி முழுவதும் இரும்பின் மேல் அல்ல. விரிவடையும் என்புமச்சையும் எலும்பை உள்ளிருந்து மெல்லியதாக்குகிறது.

போரில் காயப்பட்டு ஓரிரு பை இரத்தம் ஏற்றியவர்கள் பயப்படத் தேவையில்லை. காயத்தில் போன இரத்தத்தோடு இரும்பும் போயிருக்கும். பொதுவாக 10, 20 பைகளைக் கடந்த பிறகே சேமிப்பு ஆபத்தாகிறது.

உடம்பில் தங்கிய செல் துண்டுகள் வேறு விடயம். அவற்றைப் பெரும்பாலும் தழும்பு இழையம் மூடிக்கொள்ளும். கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துண்டு மட்டும் பார்வையையே பறிக்கக்கூடியது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஈரலில் சேர்ந்த இரும்பை அளக்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பார்கள். எந்தக் காரணத்துக்காக அந்த ஸ்கான் எடுத்தாலும், துண்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். காந்தம் அதை அசைத்துவிடலாம். காயத்தை மறைத்தே வாழப் பழகியவர்களுக்கு இது இலகுவல்ல. என்றாலும் வைத்தியரிடம் மறைக்கக்கூடாத விடயம் இது.

சேர்ந்த இரும்பை அகற்ற மருந்து உண்டு. தோலுக்கடியில் மணிக்கணக்காக ஏற்றும் டெஸ்பெரொக்சமினும், வாயால் எடுக்கும் டெபெரசிரொக்ஸும் பயன்படுகின்றன. ஒழுங்காக எடுத்தால் எலும்பையும் ஓரளவு காப்பாற்றலாம்.

இதை வாசித்துவிட்டு வைத்தியர் தந்த இரும்புக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் பெண்களிடம் குறைபாடுதான் அதிகம். ஆனால் மாதக்கணக்காக எடுத்தும் சோகை மாறவில்லையென்றால், பெரிற்றின் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். தலசீமியா காவிகளின் இலேசான சோகையை இரும்புக் குறைபாடு என்று தவறாக எண்ணிவிடுவதுண்டு. தம்பதியர் இருவரும் காவிகளானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் தலசீமியா வர 25 வீத வாய்ப்பு உண்டு. கலியாணம் பேசும்போது சாதகத்தோடு இந்த இரத்தப் பரிசோதனையையும் பார்ப்பது நல்லது.